காலையில் கறுத்துக் கிடக்கும் பேட்: வெளியே வந்தது என்ன?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் மூன்று காட்சிகள். மாலையானால் கால் வீங்குகிறது, அசதியாக இருக்கிறது என்று அம்மா பாதத்தில் ஒட்டும் டீடாக்ஸ் (நச்சு நீக்கும்) பேட் வாங்கினார். இரவில் வெள்ளையாக ஒட்டியது காலையில் கறுத்து, பிசுபிசுத்து, புகை நாற்றத்தோடு இருக்கிறது. மாமா ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்துக் 'கல்லீரல் சுத்தம்' செய்தார். மறுநாள் பச்சைப் பச்சையாய்க் கற்கள் விழுந்தன. அக்கா டீடாக்ஸ் டீ குடித்து ஒரே வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தார். "எல்லாம் ஏமாற்று என்கிறார்கள், ஆனால் கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்று சொல்ல வேண்டியதே இல்லை. உங்கள் வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை, கற்பனையும் செய்யவில்லை. வெளியே வந்த பொருள் எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பேட்டிலிருந்து தொடங்கலாம். அதில் பெரும்பாலும் இருப்பது மர வினிகர்ப் பொடி. மரத்தையோ மூங்கிலையோ காற்றில்லாமல் கரியாக்கும்போது எழும் புகையைக் குளிரவைத்தால் கிடைக்கும் திரவத்தைக் காயவைத்துப் பொடியாக்கியது அது. ஈரம் பட்டால் இளகிப் பழுப்பாகும், பிறகு கறுக்கும். காலையில் வரும் புகை நாற்றம் அந்தப் பொடியின் சொந்த நாற்றம். சோதிக்க ஆய்வகம் வேண்டாம். ஒரு புது பேட்டை எடுத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் ஏழெட்டுச் சொட்டு விட்டு, தட்டில் வைத்து மூடி இரவு முழுக்க விடுங்கள். இன்னொன்றை இட்லிப் பானை ஆவியில் கொஞ்ச நேரம் பிடியுங்கள். இரண்டும் காலில் ஒட்டியது போலவே மாறும். மழைக்காலத்தில் அதிகம் கறுப்பதும், நாளாக ஆகக் கறுப்பு குறைவதாகத் தோன்றுவதும் வியர்வையின் அளவைப் பொறுத்தவை. அமெரிக்காவில் கினோகி என்ற பெயரில் விற்ற பேட்டின் விற்பனையாளர்கள் மீது அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2009இல் பொய் விளம்பர வழக்குத் தொடுத்தது. அடுத்த ஆண்டு நீதிமன்றம் அவர்களுக்குத் தடை விதித்தது. அழகு நிலையங்களில் காலை வைக்கச் சொல்லும் அயனித் தொட்டியும் இதே ரகம். உப்புத் தண்ணீரில் இரும்புத் தகடு வைத்து மின்சாரம் விட்டால் இரும்பு கரைந்து துருவாகும், தண்ணீர் செம்பழுப்பாகும். கால் வைக்காமல் ஓடவிட்டாலும் ஆகும். 2012இல் வெளியான ஆய்வில், கால் வைத்தும் வைக்காமலும் அந்தத் தண்ணீரை அளந்தார்கள்; பயன்படுத்தியவர்களின் சிறுநீரையும் முடியையும்கூடச் சோதித்தார்கள். நச்சு உலோகங்கள் வெளியேறியதற்கான தடயம் கிடைக்கவில்லை.

மாமாவின் பச்சைக் கல்லுக்கு இன்னும் துல்லியமான பதில் உண்டு. 2005இல் லான்செட் மருத்துவ இதழில் நியூசிலாந்து மருத்துவர்கள் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். அவர் 600 மில்லி ஆலிவ் எண்ணெயும் 300 மில்லி எலுமிச்சைச் சாறும் சில மணி நேரத்தில் குடித்து, விழுந்த 'கற்களை' ஃப்ரீசரில் எடுத்து வைத்துக் கொண்டுவந்திருந்தார். சோதித்துப் பார்த்தபோது 40 டிகிரி சூட்டில் பத்தே நிமிடத்தில் அவை பச்சை எண்ணெயாக உருகிவிட்டன. கொலஸ்ட்ரால் இல்லை, பித்த நிறமி இல்லை, கால்சியம் இல்லை. எடையில் முக்கால் பங்கு கொழுப்பு அமிலம். ஆலிவ் எண்ணெயின் முக்கியக் கொழுப்பு அமிலத்தையும் எலுமிச்சைச் சாற்றையும் சம அளவில் கலந்து, கொஞ்சம் பொட்டாசியம் காரம் சேர்த்தபோது சோதனைக் குழாயிலேயே வெள்ளை உருண்டைகள் திரண்டன. காற்றில் காயவிட்டதும் கெட்டியாயின. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்ன வரும் என்று சோப்புக் காய்ச்சத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மாமாவின் வயிற்றுக்குள் நடந்தது அதுதான். குடலில் பித்தநீர் இருப்பதால் பச்சை நிறம் ஏறிக்கொள்கிறது. அந்தப் பெண்ணின் பித்தப்பையில் இருந்த அசல் கற்கள் அங்கேயேதான் இருந்தன. பிறகு லேப்ராஸ்கோப்பி அறுவையில்தான் எடுத்தார்கள். மாமாவிடம் அந்தக் கல் இன்னும் இருந்தால் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் ஒரு கிண்ணத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உருகினால் அது பித்தக்கல் இல்லை. அதைவிட நல்லது, அவரை ஒரு வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்வது. உண்மையான பித்தக்கல் இருக்கும் ஒருவர் அவ்வளவு எண்ணெயை ஒரே மூச்சில் குடித்தால் பித்தப்பை பலமாகச் சுருங்கும். சிறு கல் நகர்ந்து குழாயில் அடைத்துக்கொண்டால் மஞ்சள் காமாலை வரும், கணைய அழற்சி வரும். கணைய அழற்சி உயிரை எடுக்கக்கூடியது. இந்த முறையில் எப்சம் உப்பும் (மெக்னீசியம் சல்பேட்) சேர்ப்பார்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு அந்த மெக்னீசியம் ரத்தத்தில் தேங்கிவிடும்.

அக்காவின் டீப் பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். சென்னா என்று இருந்தால் அது நிலவாகை. உலகச் சந்தையில் நம் திருநெல்வேலியின் பெயரிலேயே, டின்னவெல்லி சென்னா என்று விற்கும் அதே இலை. பேதி மருந்தாக அது நிஜமாக வேலை செய்யும். மலச்சிக்கலுக்கு ஓரிரு நாள் எடுத்தால் தப்பில்லை. ஆனால் அது வேலை செய்யும் இடம் பெருங்குடல், குடித்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. சாப்பிட்டதன் சத்தும் கொழுப்பும் அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டிருக்கும். வெளியேறுவது தண்ணீரும் மலமும் பொட்டாசியமும். கூடவே சோற்றைக் குறைத்திருந்தால், ஈரலிலும் தசையிலும் சேமித்த மாவுச்சத்து முதல் இரண்டு மூன்று நாளில் கரையும். ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. இருப்பு நானூறு ஐந்நூறு கிராம். பெருக்கிப் பார்த்தால் இரண்டு கிலோ கணக்கு வந்துவிடும். வழக்கம்போல் சாப்பிட ஆரம்பித்ததும் அது திரும்பி வரும். அக்கா மேல் குற்றமில்லை, தண்ணீரின் இயல்பு அது. வாரக்கணக்கில் தொடர்ந்தால் பொட்டாசியம் குறைந்து கெண்டைக்கால் இழுக்கும், நெஞ்சு படபடக்கும். நீர் மாத்திரை எடுக்கும் இதய நோயாளிகளுக்கு இது விளையாட்டு இல்லை.

குடல் சுவரில் வருடக்கணக்கில் ஒட்டிய அழுக்கு கயிறு கயிறாக வெளியேறியது என்று படம் போடும் இன்னொரு வகையும் உண்டு. அந்தக் காப்ஸ்யூலில் இசப்கோலும் பெண்டோனைட் களிமண்ணும் இருக்கும். இரண்டும் தண்ணீரில் ஊறி ரப்பர் போலத் திரளும். குடலின் வடிவத்திலேயே வெளியே வரும். கொலோனோஸ்கோப்பி செய்யும் மருத்துவர்கள் தினமும் குடலின் உட்சுவரைப் பார்க்கிறார்கள். அது ஈரமான இளஞ்சிவப்புத் தோல், அதன் மேல்செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகின்றன. ஒட்டிய படலம் என்று ஒன்றை அவர்கள் காண்பதில்லை.

இந்தப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சித்திரம் இருக்கிறது: உடம்பு ஒரு சாக்கடை, அதில் 'கழிவு' தேங்குகிறது, அவ்வப்போது தூர்வார வேண்டும். நம் மொழியில் மலத்துக்கும் கழிவு, ரத்தத்து யூரியாவுக்கும் கழிவு, பூச்சிமருந்துக்கும் கழிவு என்று ஒரே சொல் புழங்குவது விற்பவருக்கு வசதியாகிவிட்டது. ஈரலும் சிறுநீரகமும் அழுக்கைப் பிடித்து வைக்கும் தண்ணீர் ஃபில்டர் கேண்டில் அல்ல. அவற்றைக் கழற்றிக் கழுவ எதுவும் இல்லை. ஈரல் ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு ரசாயனக் கூடம். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் அதன் வழியே போகிறது. குடலில் உறிஞ்சியது பெரும்பாலும் முதலில் அங்கேதான் வந்து சேரும். கொழுப்பில் கரையும் பொருளை அங்குள்ள நொதிகள் முதலில் சற்று மாற்றும். அடுத்து அதன்மேல் சர்க்கரை அமிலம், சல்பேட், குளுட்டாதயோன் என்று ஏதாவது ஒரு தண்ணீர் விரும்பிப் பொருளை ஒட்டும். ஒட்டியதும் அது சிறுநீரிலோ பித்தநீர் வழியாக மலத்திலோ போய்விடும். சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகட்டி, தேவையானதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீராக விடுகின்றன.

பாரசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி நேராக ஒட்டுப்போட்டு வெளியே அனுப்பப்படும். ஐந்து முதல் பத்து சதவீதம் மட்டும் ஈரலைக் கொல்லக்கூடிய ஒரு பொருளாக மாறும்; குளுட்டாதயோன் உடனே அதைப் பிடித்து முடக்கிவிடும். பெரியவர்களுக்கு நாளுக்கு 4 கிராம்தான் உச்சம் என்பதற்குக் காரணம், குளுட்டாதயோன் கையிருப்பு தீர்ந்தால் ஈரல் செல்கள் சாகும். மருத்துவமனையில் கொடுக்கும் அசிட்டைல்சிஸ்டைன் அந்தக் கையிருப்பை நிரப்பும் மருந்து. அளவு மீறி விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் அநேகமாக ஈரல் தப்பிவிடும். குளுட்டாதயோன் புரதத்தின் துண்டுகளான மூன்று அமினோ அமிலங்களால் ஆனது. பல நாள் வெறும் பழச்சாற்றில் இருந்தால் அது குறைகிறது. ஜூஸ் விரதத்தின் மூன்றாம் நாள் தலைவலி வந்தால் 'நச்சு வெளியேறுகிறது' என்பார்கள். காபி இல்லாததும் பசியும்தான் பொதுவான காரணம். அந்தத் தலைவலிக்குப் பாரசிட்டமாலை அள்ளிப் போடுவது தப்பான நேரத்தில் செய்யும் தப்பு.

சாராயத்துக்கும் இதே கறார்க் கணக்குதான். ஈரல் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் ஆல்கஹாலை எரிக்கும். நம்மூர் விஸ்கி, பிராந்தியில் 42.8 சதவீதம் என்றால் 30 மில்லியில் பத்து கிராம். ஒரு குவார்ட்டர் தீர ஆறு முதல் ஒன்பது மணி நேரம். எலுமிச்சையோ மோரோ கறுப்புக் காபியோ அந்த வேகத்தைக் கூட்டாது.

உடம்பே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றும் நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்பவர்களும் பாதி உண்மைதான் சொல்கிறார்கள். ரத்தத்தில் இருக்கும் ஈயம் பாதியாகக் குறைய ஒரு மாதம் ஆகும் என்றால், எலும்பில் படிந்தது குறையப் பத்தாண்டுகளுக்கு மேல். டையாக்சின் என்ற நச்சு ரசாயனம் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். இவற்றுக்கு நிஜமான நச்சு நீக்கம் மருத்துவத்தில் உண்டு, அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 1987இல் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட கதிர்வீச்சுச் சிகிச்சை மையத்திலிருந்து எடுத்த கருவியை உடைத்ததில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் ஊருக்குள் பரவியது. 46 பேருக்குப் பிரஷ்யன் புளூ என்ற நீல நிறமியைக் கொடுத்தார்கள். அது குடலுக்குள் வரும் சீசியத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போகும். எவ்வளவு போனது என்று மலத்தையும், எவ்வளவு மிச்சம் என்று உடம்பையும் கதிர்வீச்சுக் கருவியால் அளந்தார்கள். குழந்தையின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமைத் தொட்டால் உலோகத்தைப் பிடிக்கும் மருந்து கொடுப்பார்கள். அதற்கும் முன்னால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்துவார்கள். நஞ்சுக்குப் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, வெளியேறும் வழி இருக்கிறது. பேட் பெட்டியில் இந்த மூன்றில் ஒன்றாவது எழுதியிருக்கிறதா என்று அம்மாவோடு உட்கார்ந்து படித்துப் பாருங்கள். 2009இல் பிரிட்டனில் சென்ஸ் எபவுட் சயின்ஸ் அமைப்பினர் 15 டீடாக்ஸ் பொருட்களின் தயாரிப்பாளர்களிடம் இதைத்தான் கேட்டார்கள். இரண்டு நிறுவனங்கள்கூட அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள் சொல்லவில்லை. 2015இல் வந்த ஆய்வுத் தொகுப்பு, வணிக டீடாக்ஸ் உணவுமுறைகளைக் குலுக்கல் முறையில் ஒப்பிட்டுச் சோதித்த ஒரு மனித ஆய்வுகூட இல்லை என்று பதிவு செய்தது.

உறுதியாகச் சொல்ல முடியாத இடங்களும் உண்டு. வியர்வையில் ஈயம், காட்மியம் போன்றவை துளி அளவில் வருகின்றன என்பது உண்மை. தோலின் மேல் இருந்த தூசி கலந்ததா, உள்ளிருந்து வந்ததா என்று பிரிப்பது கஷ்டம், அந்த அளவு உடலுக்குப் பயன் தருமா என்பதும் நிறுவப்படவில்லை. நான்ஸ்டிக், தீயணைப்பு நுரை வழியாக வரும் நிலைத்த ஃபுளோரின் ரசாயனங்கள் இன்னொரு உதாரணம். ஆஸ்திரேலியத் தீயணைப்பு வீரர்கள் 285 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஓராண்டு பிளாஸ்மா தானம் செய்தவர்களின் ரத்தத்தில் அந்த ரசாயனம் தெளிவாகக் குறைந்தது. இது நல்ல சான்று. ஆனால் குறைந்ததால் நோய் குறைகிறதா என்பதை அந்த ஆய்வு சோதிக்கவில்லை. கீழாநெல்லியைப் பற்றியும் கேட்பீர்கள். மஞ்சள் காமாலைக்கு அதைக் கொடுத்துக் குணமான குடும்பங்கள் ஏராளம். அதில் பெரும்பாலானது ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ வைரஸால் வருவது, மருந்தே இல்லாமல் சில வாரங்களில் சரியாவது. எனவே அந்தக் குணத்தை மட்டும் வைத்து மூலிகைக்கு ஆதரவாகவோ எதிராகவோ தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை விளக்கெண்ணெய்ப் பேதி கொடுத்த பழைய வழக்கத்தை நான் கேலி செய்யமாட்டேன். வயிற்றில் பூச்சி நிஜமாகவே இருந்த காலம் அது. இன்று அதே வேலையை ஒரு 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை செய்கிறது. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுக்கிறார்கள்.

இயற்கைதானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் என்ன என்று கேட்பவர்களுக்காக இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். கேரளத்தில் இரும்பன்புளி என்றும் இங்கே பிலிம்பி என்றும் சொல்லும் காயின் சாற்றைக் கொலஸ்ட்ரால் குறைய வேண்டும் என்று குடித்த பத்துப் பேர் சிறுநீரகம் செயலிழந்து ஐந்து மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. 2013இல் வெளியான பதிவு இது. அந்தக் காயில் ஆக்சாலிக் அமிலம் மிக அதிகம். கால்சியத்தோடு சேர்ந்து ஊசிப் படிகமாகச் சிறுநீரகக் குழாய்களில் அடைத்துக்கொள்கிறது. குழம்பில் இரண்டு காய் போடுவதும் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் சாறு குடிப்பதும் ஒன்றல்ல. பச்சைக் கீரையை வடிகட்டித் தினமும் குடிப்பதிலும் இதே ஆபத்து, குறிப்பாக ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு. கொரோனா காலத்தில் சீந்தில் கொடியைத் தினமும் குடித்தவர்களிடம் ஈரல் பாதிப்பை மும்பை மருத்துவர்கள் ஆறு பேரிடம் பதிவு செய்தார்கள். பிறகு நாட்டின் 13 மையங்களிலிருந்து 43 பேர். ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை, வேறு இனச் செடி கலந்திருக்கலாம் என்றது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், குடிப்பவருக்குத் தன் கையில் இருப்பது எந்தச் செடி என்று தெரியாது என்பது மாறப்போவதில்லை. 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வில், இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேதப் பொருட்களில் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. நச்சை நீக்கும் என்று வாங்கியதன் வழியாகவே நச்சு உள்ளே போகிறது.

இப்படி ஏதாவது குடித்துக்கொண்டிருப்பவருக்குச் சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போனாலோ, மலம் வெளுத்தாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றே நிறுத்திவிட்டு, ஈரல் பரிசோதனையும், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனையும் எடுக்க வேண்டும். குடித்த பொட்டலத்தையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். பலர் அதை மறைப்பதால்தான் காரணம் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆகிறது. ஈரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் வந்திருந்தால் அதற்குச் சான்று உள்ள வழி எடையை நிதானமாக ஏழு முதல் பத்து சதவீதம் குறைப்பதும், மதுவை விடுவதும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும்தான்.

அம்மாவின் பேட் பெரும்பாலும் கெடுதல் செய்யாது. தோல் அரித்தால் நிறுத்தட்டும். ஆனால் அவர் அதை வாங்கக் காரணமான கால் வீக்கத்தை விட்டுவிடாதீர்கள். மாலையில் கணுக்காலுக்கு மேல், முன்னெலும்பின் மீது கட்டை விரலால் பத்து நொடி அழுத்தி எடுங்கள். பள்ளம் நின்றால் அது நீர்க்கட்டு. சிறுநீரில் புரதம், கிரியாட்டினின், ஹீமோகுளோபின், தைராய்டு, ஈரல் பரிசோதனை ஆகியவற்றை எடுத்துப் பாருங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறதா, படி ஏறினால் இளைக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் இதயத்தையும் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அது ரத்தக்கட்டாக இருக்கலாம். அவர் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா? அட்டையில் அம்லோடிபின் என்று இருந்தால், இரண்டு கணுக்காலும் மாலையில் வீங்குவது அந்த மருந்தின் நன்கு தெரிந்த பக்கவிளைவு. நீங்களாக நிறுத்த வேண்டாம். அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்க் கால் வீக்கத்தைக் காட்டுங்கள். அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ அவரால் முடியும்.